99 வருஷத்துச் சொந்த வீடு

லண்டனில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளையோ மருமகனோ ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டு, "வீடு வாங்கிவிட்டேன்!" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உடனே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பீர்கள். தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வீர்கள். உடைக்க வேண்டியதுதான், சொல்லிக்கொள்ளவும் வேண்டியதுதான். ஆனால் கையோடு ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: "எத்தனை வருஷத்துக்கு வாங்கியிருக்கிறாய்?"

"இது என்ன கேள்வி, ஐயா? வீட்டை யாராவது வருஷக் கணக்கில் வாங்குவார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாங்குகிறார்கள். அங்கே அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பிளாட் வாங்கினால், அநேகமாக அது 99 வருஷத்துக்கோ 125 வருஷத்துக்கோ எழுதிய நீண்ட குத்தகைதான். அதிர்ஷ்டசாலிகளுக்கு 999 வருஷம். இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் இந்த மாதிரி இருக்கின்றன. விலை என்னவோ முழு விலைதான். பாங்கிக் கடனும் முழுக் கடன்தான். நிலமும், சுவரும், கூரையும் மாத்திரம் வேறொருவருக்குச் சொந்தம். குத்தகைக் கெடு முடிந்த அன்று வீடு அவரிடமே திரும்பிப் போய்விடும்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய சங்கதி ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேட்டால் 'அடிமனை' என்றால் என்ன என்று சொல்வார்கள். வீடு நம்முடையது, அடியில் இருக்கும் மனை கோயிலுடையது. லண்டன் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே காலடியில் இருக்கும் மண் மட்டுமல்ல, தலைக்கு மேல் இருக்கும் ஓடும் நிலச்சொந்தக்காரருடையது. வருஷா வருஷம் அவருக்கு 'கிரவுண்ட் ரெண்ட்' என்று ஒரு தரை வாடகை வேறு கட்ட வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் இந்த ஏற்பாடு கிடையாது. பிளாட்டை வாங்கினால் வாங்கியதுதான்.

இங்கிலாந்துக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து? அதற்கு ஒரு சிறுமியின் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1677-ஆம் வருஷம் மேரி டேவிஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணை சர் தாமஸ் கிராஸ்வெனர் என்பவருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். பெண்ணோடு சீராக வந்தது லண்டனுக்கு மேற்கே சுமார் 500 ஏக்கர்: சதுப்பு, புல்வெளி, பழத்தோட்டம். இன்று அந்தச் சதுப்பு நிலத்துக்குப் பெயர் மேஃபேர், பெல்கிரேவியா! கிராஸ்வெனர் குடும்பத்தின் வாரிசுதான் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு. அக்கம்பக்கத்து செல்ஸியிலும் இதே கதைதான். சர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற டாக்டரின் பெண்ணை 1717-ல் சார்லஸ் கடோகன் மணந்தார். செல்ஸி மனைகள் நாளடைவில் கடோகன் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. இந்தப் பிரபுக்கள் நிலத்தை விற்கவே இல்லை. "99 வருஷம் எடுத்துக்கொள், உன் காசில் வீடு கட்டு, கெடு முடிந்ததும் கட்டிய வீட்டோடு திருப்பிக் கொடு" என்று குத்தகைக்கு விட்டார்கள். பேரன் காலத்தில் நிலமும் வீடும் சேர்ந்து கைக்கு வந்தன. யோசனைக்காரர்கள்தாம்!

பிற்காலத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தபோது வேறொரு சட்டச் சிக்கலும் இந்த ஏற்பாட்டுக்குக் கைகொடுத்தது. முழு உரிமையோடு விற்ற வீட்டை அடுத்தடுத்து வாங்குகிறவர்களிடம், "கூரையைப் பழுது பார், மாடிப்படிக்குச் செலவு கொடு" என்ற கடமையை இங்கிலாந்துச் சட்டப்படி சுலபமாகச் சுமத்த முடியாது. 1885-ல் ஒரு வழக்கில் இப்படித் தீர்ப்பாகிவிட்டது. குத்தகையாக எழுதினாலோ, கடமை பத்திரத்தோடு கூடவே போகும். மேல்மாடிக்காரர் கூரையைக் கவனிக்காவிட்டால் கீழ்மாடிக்காரர் தலையில்தானே மழை கொட்டும்? அதனால் பிளாட் என்றாலே குத்தகை என்று ஆகிவிட்டது.

இந்தக் குத்தகைக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் மீதி இருக்கும்வரை அது சாதுவாகப் படுத்திருக்கும். யாரும் அதை நினைப்பதில்லை. எண்பதுக்குப் பக்கத்தில் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். எழுபதுக்குக் கீழே போனால் கடன் கொடுக்கும் பாங்கிகளில் பல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடன் கிடைக்காத வீட்டை ரொக்கப் பணம் வைத்திருப்பவர்தான் வாங்குவார்; அவர் சொல்வதுதான் விலை. கெடு அடியோடு முடிந்தே போனாலும், அங்கேயே குடியிருப்பவரைப் பெட்டி படுக்கையோடு மறுநாள் தெருவில் நிறுத்திவிட முடியாது. அநேகமாக, சந்தை வாடகை கொடுத்து வாடகைக்காரராக இருந்துகொள்ளலாம். நாற்பது வருஷம் சொந்தக்காரராக இருந்துவிட்டுக் கடைசிக் காலத்தில் சொந்த வீட்டுக்கே வாடகை! இது என்ன பெரிய ஆறுதல் என்று நீங்கள்தான் சொல்லுங்கள்.

ஆகவே கெடு நெருங்குமுன் அதை நீட்டிக்க வேண்டும். அதற்கு உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1967-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அது தனி வீடுகளுக்கு மட்டும். நீண்ட குத்தகையில் குடியிருப்பவர் நிலத்தையே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றது. கிராஸ்வெனர் எஸ்டேட்டார் விடவில்லை. "எங்கள் சொத்தை எங்கள் சம்மதமில்லாமல் பறிக்கலாமா?" என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரையில் போனார்கள். 1986-ல் அங்கே தோற்றார்கள்.

பிளாட்டுக்காரர்களின் முறை 1993-ல் வந்தது. குத்தகையில் மீதியிருக்கும் காலத்தோடு இன்னும் 90 வருஷம் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமையை அந்த வருஷத்துச் சட்டம் கொடுத்தது. அப்போதைய வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவுக்கு வந்த கோபத்தில் கன்ஸர்வேடிவ் கட்சியோடு உறவையே முறித்துக்கொண்டார். சட்டம் கொண்டு வந்தது தம் கட்சி என்றும் பார்க்கவில்லை!

நீட்டித்த பிறகு தரை வாடகை எவ்வளவு தெரியுமா? ஒரு மிளகு. வேடிக்கையாகச் சொல்லவில்லை, பத்திரத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'கேட்டால் ஒரு மிளகு' என்பது அந்த வாசகத்தின் பொருள். ஒப்பந்தம் என்றால் கைமாறாக ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காத மாதிரியும் இருக்க வேண்டும் என்பதற்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது நம் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிய மிளகைத்தான். ஒரு காலத்தில் அதற்காக உலகத்தையே சுற்றி வந்தவர்கள், இன்று அதை ஒன்றுமில்லை என்பதற்கு மறுபெயராக வைத்திருக்கிறார்கள். எந்த நிலச்சொந்தக்காரரும் வருஷா வருஷம் மிளகு கேட்டு ஆள் அனுப்புவதில்லை.

வாடகை மிளகானாலும், நீட்டிப்புக்கு ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய தொகை மிளகு அல்ல. அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஈஸ்ட் ஹாம் பக்கம், முருகன் கோயிலும் இட்லிக் கடையும் இருக்கிற வட்டாரத்தில், நம்மவர் ஒருவர் பிளாட் வைத்திருக்கிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்திரம் 2002-ல் எழுதிய 99 வருஷக் குத்தகை. நீண்ட குத்தகை இருந்தால் வீடு 3 லட்சம் ஸ்டெர்லிங் பவுன் பெறும். தரை வாடகை வருஷத்துக்கு 100 பவுன். 2020-ல், இன்னும் 81 வருஷம் மீதி இருந்தபோது, அந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும்:

"என்னங்க, அந்த லீஸை நீட்டிக்கணும்னு எதிர்வீட்டு அக்கா சொல்றாங்களே?"

"எண்பத்தொரு வருஷம் இருக்கு. நமக்கு நூத்திருபது வயசு ஆகிறவரைக்கும் கவலையே இல்லை. நீ காப்பியைக் கொண்டா."

காப்பி வந்தது. ஆறு வருஷமும் போயிற்று. 2026-ல் மீதி 75. இப்போது கணக்கைப் பாருங்கள்.

நிலச்சொந்தக்காரருக்கு நஷ்டம் இரண்டு வகை. தரை வாடகை நின்றுபோகிறது; 75 வருஷம் கழித்துத் திரும்பி வர வேண்டிய வீடு 165 வருஷம் கழித்துத்தான் வரும். 75 வருஷம் கழித்து வரப்போகும் 3 லட்சம் பவுனுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? பிளாட்டுகளுக்கு ஆண்டுக்கு 5 சதவிகிதம் வீதம் பின்னோக்கிக் கழிக்க வேண்டும் என்று 2006-ல் நில வழக்கு மன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அநேகமாக எல்லோரும் அதையே பின்பற்றுகிறார்கள். அந்தப்படிக்குச் சுமார் 7,725 பவுன். 75 வருஷத் தரை வாடகையை 6 சதவிகித வீதம் இன்றைய தொகையாக்கினால் 1,650 பவுன் போல வரும். இரண்டும் சேர்ந்து 9,400-க்குக் கொஞ்சம் குறைவு. சில்லறையை விட்டுவிடுவோம்.

இதோடு போயிற்றா என்றால், இல்லை. இனிமேல்தான் கல்யாணம்!

'மாரியேஜ் வால்யூ' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தமிழில் 'கல்யாண மதிப்பு' என்றே சொல்லலாம். குட்டைக் குத்தகை வைத்திருப்பவரின் உரிமைக்கு ஒரு விலை. நிலச்சொந்தக்காரரின் உரிமைக்கு ஒரு விலை. தனித்தனியாக விற்றால் கிடைப்பதைவிட இரண்டையும் சேர்த்தால் அதிகம் கிடைக்கும். அப்படிச் சேர்வதால் பிறக்கும் லாபத்தில் சரிபாதி நிலச்சொந்தக்காரருக்கு. நம் உதாரணத்தில், 75 வருஷக் குத்தகையோடு இருக்கும் வீடு 2 லட்சத்து 76 ஆயிரம்தான் பெறும் என்று வைத்தால், கல்யாண மதிப்பு 14,600 பவுன் சுமார். அதில் பாதி 7,300. ஆக மொத்தம் 16,700 பவுன்.

2020-லேயே செய்திருந்தால்? இதே விலை, இதே வட்டி வீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 7,400 பவுன். காரணம், மீதிக் காலம் 80 வருஷத்துக்கு மேல் இருந்தால் கல்யாண மதிப்பு சூன்யம் என்று 2002-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. 80 வருஷத்தோடு கூட ஒரு நாள் மீதி இருக்கும்போது நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால் கல்யாணம் இல்லை. சரியாக 80 ஆகிவிட்டால் உண்டு. நம் நாட்டில் வரதட்சணைக்குச் சட்டத்தில் தடை உண்டு. அங்கேயோ சட்டமே கணக்குப் போட்டுக் கொடுக்கிறது!

குட்டைக் குத்தகை வீடு உண்மையில் என்ன பெறும் என்பதில்தான் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் மல்லுக்கட்டுவார்கள். பழைய விற்பனைகளை வைத்துப் போட்ட வரைபடங்களைக் காட்டுவார்கள். அந்த வரைபடங்கள் குடியிருப்பவர்களுக்குப் பாதகமானவை என்று ஒரு புதுக் கணித முறையைக் கொண்டு வந்து சிலர் வழக்காடிப் பார்த்தார்கள். 2016-ல் மன்றத்திலும், 2018-ல் அப்பீல் கோர்ட்டிலும் அது எடுபடவில்லை. பெரிய எஸ்டேட்டுகளுக்கு வக்கீல் செலவு ஒரு பொருட்டல்ல. 10,000 பவுனுக்காகச் சண்டை போடுகிற குடும்பத்துக்கு அப்படியா? என் மனசுக்கு இந்தக் கல்யாண மதிப்பு நியாயமாகப் படவில்லை. ஆனால் என் மனசு எந்த மன்றத்திலும் சாட்சியாகாது.

காரியம் நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இந்தத் துறையில் பழகிய ஒரு வக்கீலும் மதிப்பீட்டாளரும் வேண்டும். 1993-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி நிலச்சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதில் நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகையைச் சொல்ல வேண்டும். பேரம்தானே என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிடக் கூடாது. நடைமுறைக்கு ஒவ்வாத தொகை எழுதிய நோட்டீஸ் செல்லாது என்று 1998-ல் அப்பீல் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கொடுத்த நாளே மதிப்பீட்டு நாள். அன்றோடு கடியாரம் நின்றுவிடும். பிறகு பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும் கணக்கு அந்தத் தேதிக்குத்தான். பதில் சொல்ல அவருக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அவர் முன்பணமும் கேட்கலாம்: நீங்கள் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 250 பவுன், இதில் எது பெரிதோ அது. கெடுவுக்குள் பதில் நோட்டீஸ் கொடுக்க மறந்துவிட்டாரானால் உங்களுக்கு யோகம். ஆறு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் நீங்கள் சொன்ன தொகைக்கே வாங்கிக்கொள்ளலாம். மறக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குத் தீர்ப்புப் புத்தகங்களே சாட்சி.

பதில் வந்து, தொகை ஒத்துவராவிட்டால், அந்தப் பதிலிலிருந்து இரண்டு மாதம் ஆன பிறகு, ஆறு மாதத்துக்குள் வழக்கு மன்றத்துக்கு மனுப் போட வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸையே வாபஸ் வாங்கியதாக அர்த்தம். அடுத்த நோட்டீஸ் கொடுக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எண்பது எழுபத்தொன்பதாகி இருக்கும். வீடு ஒன்று, கெடு பல. காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைக்காதவர்கள் இதில் இறங்காமலிருப்பது நல்லது.

இன்னொரு வேடிக்கை: அவர் தரப்பு மதிப்பீட்டாளர் கூலியும், பத்திர வேலைக்கான வக்கீல் கூலியும், நியாயமான அளவுக்கு, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மன்றத்தில் வாதாடுகிற செலவு மட்டும் அவரவருடையது. நிலச்சொந்தக்காரர் இருக்குமிடமே தெரியவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. கோர்ட்டில் சொல்லி, மன்றம் மதிப்பிட்ட தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு, கோர்ட்டார் மூலமாகவே புதுப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம்.

நோட்டீஸும் வேண்டாம், சட்டமும் வேண்டாம் என்று சில சமயம் நிலச்சொந்தக்காரரிடமிருந்தே இனிப்பாக ஒரு கடிதம் வரும். "நாமே பேசி முடித்துக்கொள்வோமே? குறைந்த தொகைக்கு மறுபடியும் 99 வருஷம் ஆக்கித் தருகிறேன்" என்று இருக்கும். கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. ஆனால் பொடி எழுத்தைப் படியுங்கள். சட்டப்படி போனால் மீதிக் காலத்தோடு 90 வருஷம் கூடுதல். நம் உதாரணத்தில் 165. அவர் தருவதோ 99. கூடுவது 24 வருஷம்தான். தரை வாடகையும் உடனே மிளகாகிவிடாது. 2022-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நீட்டித்த காலத்துக்குத்தான் மிளகு. பழைய காலம் மீதியிருக்கும் மட்டும் பழைய வாடகையைத் தொடர்ந்து வாங்க இடம் இருக்கிறது. அந்தப் பழைய வாடகை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிற ரகமானால் கேட்கவே வேண்டாம். 250 பவுனில் ஆரம்பித்தது ஐம்பதாவது வருஷத்தில் 8,000 பவுன். சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதை நமக்குத் தெரியாததா!

அக்கம்பக்கத்தார் ஒற்றுமையாக இருந்தால் இன்னும் நல்ல வழி, கட்டடத்தில் பாதிப் பேருக்குக் குறையாமல் சேர்ந்துகொண்டு நிலத்தையே வாங்கிவிடுவது. பிறகு தங்களுக்குத் தாங்களே 999 வருஷம் எழுதிக்கொள்ளலாம். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் பதினாறு குடும்பங்களை ஒரு காரியத்துக்கு ஒன்று சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள கஷ்டம் தெரியும்.

இனி, இன்றைக்கு எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். 2024-ஆம் வருஷம் மே மாதம் பார்லிமெண்டு ஒரு புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 90 வருஷத்துக்குப் பதில் 990 வருஷம். கல்யாண மதிப்பு அடியோடு ரத்து. அவர் செலவை நீங்கள் கொடுப்பதும் பொதுவாகப் போய்விடும். பிளாட்டுக்காரர்கள் பட்டாசு வெடிக்காத குறைதான். ஆனால் சட்டம் நிறைவேறுவது வேறு, அமலுக்கு வருவது வேறு. வாங்கி இரண்டு வருஷம் ஆனால்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்றிருந்த பழைய விதி 2025 ஜனவரி 31-ஆம் தேதி போயிற்று. இப்போது வாங்கிப் பதிவானதும் நோட்டீஸ் கொடுக்கலாம். பெரிய சலுகைகளோ 2025 முடிகிற வரையில் வெறும் காகிதத்தில்தான் இருந்தன. எந்த வட்டி வீதத்தில் கணக்குப் போடுவது என்பதையே அரசாங்கம் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நிலச்சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2025 அக்டோபரில் அங்கே அவர்கள் மனு தள்ளுபடியாயிற்று.

இப்போதே பணத்தைக் கட்டுவதா, புதுச் சட்டத்துக்குக் காத்திருப்பதா? ஈஸ்ட் ஹாம் வீட்டில் இன்று நடக்கக்கூடிய பேச்சு இதுதான்:

"அப்பவே சொன்னேன், காப்பி கேட்டீங்க."

"இப்ப கட்டினா பதினாறாயிரத்துச் சொச்சம். புதுச் சட்டம் வந்தா ஏழாயிரம் மிச்சமாகுமே!"

"வராட்டா? இன்னும் அஞ்சு வருஷம் போய், பாங்கிக்காரன் கடனைப் புதுப்பிக்க மாட்டேன்னா?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மீதி 81, 82 என்று இருக்கிறவர்கள் சட்டத்தை எதிர்பார்த்து எண்பதைத் தாண்ட விடக்கூடாது; அவர்கள் மிச்சம் பிடிக்க நினைப்பதைவிட இழக்கப்போவது அதிகமாக இருக்கலாம். இந்த ஒன்றிரண்டு வருஷத்தில் வீட்டை விற்க வேண்டியவர்களும், கடனைப் புதுப்பிக்க வேண்டியவர்களும் காத்திருக்க முடியாதவர்கள். எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டு, விற்கிற எண்ணமும் இல்லாமல், கடனும் அடைத்துவிட்டு நிம்மதியாகக் குடியிருப்பவர்கள் மட்டும் சூதாடிப் பார்க்கலாம். அவர்களுக்கும் ஒவ்வொரு வருஷமும் தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எப்படிச் செய்தாலும், மீதி எத்தனை என்பதை நினைவில் எண்ணாதீர்கள். வீட்டை வாங்கிய வருஷத்திலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு. கட்டடம் கட்டிய வருஷத்திலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டும் பிசகு. 'இன்ன தேதி முதல்' என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்ட தேதிக்கு முந்தியே, மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்ற அவர்களுடைய பழைய வாடகை நாட்களில் ஒன்றிலிருந்துகூடக் காலம் ஓடத் தொடங்கியிருக்கலாம். பத்திரம் அகப்படாவிட்டால் அரசாங்க நிலப் பதிவு அலுவலகத்தில் சிறு கட்டணத்துக்கு நகல் கிடைக்கும்.